இருபது இலக்க எண்ணைக் கையால் உடைப்பது

18446744073709551615

இந்த எண்ணை ஒரு தாளின் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரே எண்தான். இதன் பகாக் காரணிகள் அத்தனையையும் ஒரு பென்சிலையும் நான்கைந்து தாள்களையும் வைத்துக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். கால்குலேட்டர் தேவைப்படாது.

முதல் வேலை, எழுதியது சரியா என்று பார்ப்பது. இருபது இலக்கத்தைப் பார்த்து எழுதும்போது கை தவறும். நான் முதன்முறை இதைச் செய்தபோது கடைசிப் பகுதியில் 551 என்பதை 515 என்று எழுதிவிட்டு ஒரு மாலை முழுவதையும் இழந்தேன். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்திருந்தேன், கூட்டுத்தொகை சரியாகவே இருந்தது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது, அதனால் அந்தச் சோதனை இந்தப் பிழையைப் பிடிக்காது. 11-க்கான சோதனை பிடிக்கும். ஆகவே இரண்டையும் செய்யுங்கள்.

இலக்கங்களின் கூடுதல் 87. அதை 9-ஆல் வகுத்தால் மீதி 6. அடுத்து, வலது ஓரத்திலிருந்து ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்துக்கொண்டே போனால் 37 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 4. உங்கள் தாளில் உள்ள எண்ணுக்கும் 6, 4 என்றே வந்தால் தொடருங்கள்.

இனி அதை வாயால் படித்துப் பழகுங்கள். வலமிருந்து ஏழு ஏழு இலக்கங்களாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: 184467 | 4407370 | 9551615. ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் ஒரு கோடி சேரும். ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்று ஐந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. சத்தமாக ஒருமுறை சொல்லிவிட்டால் எண்ணின் மீதிருக்கும் பயம் பாதி போய்விடும். பெரிய எண்ணோடு வேலை செய்கிறவர்களுக்கு இது உண்மையான உதவி. பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்த எண்ணைத்தான் மனம் பிடித்துவைக்கும்.

சின்னச் சோதனைகள்

வகுத்துப் பார்க்கும் முன், வகுக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியதை எல்லாம் எடுத்துவிட வேண்டும்.

கடைசி இலக்கம் 5. ஆகவே எண் ஒற்றைப்படை, 5-ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கங்கள் 15, ஆகவே 25-ஆல் வகுபடாது. 5-இல் முடியும் எந்த எண்ணின் வர்க்கமும் 25-இல்தான் முடியும் என்பதால், இது வர்க்க எண்ணாக இருக்க முடியாது என்பதும் இங்கேயே தெரிந்துவிட்டது. இலக்கக் கூடுதல் 87 ஆனதால் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது.

7, 11, 13 மூன்றுக்கும் ஒரே கணக்கு போதும். 7 × 11 × 13 = 1001 என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வாழ்நாள் முழுக்கக் கைகொடுக்கும். எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்:

615 − 551 + 709 − 073 + 744 − 446 + 18 = 1016

1016-இல் 1001 போக மீதி 15. பதினைந்து 7-ஆலும் வகுபடாது, 11-ஆலும் வகுபடாது, 13-ஆலும் வகுபடாது. அப்படியானால் நம் எண்ணும் வகுபடாது. மூன்று நீண்ட வகுத்தல்கள் ஒரே வரியில் முடிந்தன. (15-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 4. முன்பு கிடைத்த அதே 4. இப்படித் தற்செயலாகக் கிடைக்கும் சரிபார்ப்புகளை விடாதீர்கள்.)

இதற்கு மேல் 17, 19, 23 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போகலாம் என்று தோன்றும். போகாதீர்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் களைத்துப்போய்ப் பென்சிலைக் கீழே வைக்கிறார்கள். ஓர் எண்ணை உடைக்க முடியாமல் போனால், அதன் பக்கத்தில் இருக்கும் எண்களைப் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டு எண்

பள்ளியில் வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காணக் கற்றுக்கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? இரண்டு இரண்டு இலக்கங்களாகப் பிரித்து, மேலே ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக எழுதிக்கொண்டு போகும் முறை. இருபது இலக்க எண்ணுக்குப் பத்துப் படிகள் ஆகும். பொறுமையாகச் செய்தால் வர்க்கமூலமாக 4294967295 கிடைக்கும், மீதி 8589934590.

அந்த மீதியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். வர்க்கமூலத்தின் சரியாக இரண்டு மடங்கு.

இது சாதாரண நிகழ்ச்சி இல்லை. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் இரண்டு மடங்கைச் சேர்த்தால், அடுத்த எண்ணின் வர்க்கத்துக்கு ஒன்று குறைவாக வரும்: 7 × 7 + 14 = 63, அதாவது 64 − 1. ஆகவே நம் எண், 4294967296-இன் வர்க்கத்துக்கு ஒன்றே ஒன்று குறைவு. இரு வர்க்கங்களின் வித்தியாசம் எப்போதும் கூட்டல், கழித்தல் என இரண்டாகப் பிரியும் என்ற முற்றொருமை எட்டாம் வகுப்பிலிருந்தே நம்மிடம் இருக்கிறது. அதன்படி:

18446744073709551615 = 4294967295 × 4294967297

வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்து, மீதியும் வர்க்க எண்ணாக இருக்கிறதா என்று பார்க்கும் இந்த முறை பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மாவுடையது. மீதி வர்க்கமாக இல்லாவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். நமக்கு முதல் படியிலேயே வாய்த்துவிட்டது. ஏன் வாய்த்தது என்பதற்கு விடை எண்ணின் பிறப்பில் இருக்கிறது.

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் 64 கட்டங்களையும் நிரப்பினால் மொத்தம் எவ்வளவு? அந்த மொத்தம்தான் நம் எண். அறிஞர் அல்-பிரூனி சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கடைசி இலக்கம் வரை கணக்கிட்டு எழுதிவைத்தார். கேரளத்தின் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலில் பால்பாயசம் வழங்கும் வழக்கத்துக்கும் இந்தக் கணக்கையொட்டிய ஒரு கதையையே காரணமாகச் சொல்வார்கள்: சதுரங்கத்தில் தோற்ற மன்னன், முனிவராக வந்த கண்ணனுக்குத் தர முடியாமல் நின்ற அரிசியின் கடனாம் அந்தப் பாயசம். கிலோவுக்கு 40,000 அரிசி என்று வைத்துக்கொண்டால் அந்தக் கடன் சுமார் 46,000 கோடி டன். உலகம் முழுவதும் இன்று ஓராண்டில் விளையும் அரிசி ஏறத்தாழ 50 கோடி டன். தொள்ளாயிரம் ஆண்டு விளைச்சலைக் கொட்டினால்தான் பலகை நிரம்பும்.

இரட்டிக்கும் வரிசையில் ஒவ்வொரு கட்டமும் தனக்கு முன்னால் உள்ள எல்லாக் கட்டங்களின் கூடுதலை விட ஒன்று அதிகம். நான்காம் கட்டத்தில் 8, அதற்கு முன் 1 + 2 + 4 = 7. ஆகவே 64 கட்டங்களின் மொத்தம், இல்லாத 65-ஆம் கட்டத்தில் வைத்திருக்க வேண்டியதை விட ஒன்று குறைவு. சுருக்கமாக, 2⁶⁴ − 1. 64 இரட்டைப்படை என்பதால் 2⁶⁴ ஒரு வர்க்கம், நம் எண் அதற்குப் பக்கத்து வீடு.

இடப்பக்கக் காரணிக்கும் அதே குணம் உண்டு, ஏனென்றால் 4294967296-உம் 65536-இன் வர்க்கம். படிக்கட்டில் இறங்குவது போல இறங்கிவிடலாம்:

4294967295 = 65535 × 65537
65535 = 255 × 257
255 = 15 × 17
15 = 3 × 5

ஐந்து நிமிட வேலை. இப்போது கையில் இருப்பவை 3, 5, 17, 257, 65537, 4294967297. முதல் மூன்றும் பகா எண்கள் என்று பார்த்தாலே தெரியும். 257-இன் வர்க்கமூலம் 16-ஐச் சற்றே தாண்டும் என்பதால் 13 வரையிலான ஆறு பகா எண்களால் சோதித்தால் போதும், எதுவும் வகுக்காது. மிச்சம் இரண்டு.

ஆய்லரின் வடிகட்டி

இந்த ஆறு எண்களும் ஒரே குடும்பம். ஒவ்வொன்றும் 2-இன் ஓர் அடுக்கோடு ஒன்றைச் சேர்த்தது, அந்த அடுக்குகளும் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிக்கின்றன. 1640-இல் பெர்மா இந்தக் குடும்பத்தில் பிறப்பவை எல்லாம் பகா எண்களே என்று நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை அவர் நம்பிக்கை சரி. 4294967297-இல் என்ன நடக்கிறது?

கண்ணை மூடிக்கொண்டு வகுக்கத் தொடங்கினால், 65536-க்குக் கீழே 6,542 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது மனிதர் செய்யும் வேலையில்லை. எந்த எண்களால் வகுக்கத் தேவையே இல்லை என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் 2³²-ஐ வகுக்கும்போது மீதி, முழுசாக வருவதற்கு ஒன்று குறைவு. அதன் வர்க்கமான 2⁶⁴-ஐ வகுத்தால் மீதி 1. அதாவது 2, 4, 8, 16 என்று போகும் அடுக்குகளின் மீதிகள் சரியாக 64 படிகளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. அந்தச் சுற்றின் நீளம், பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணை மீதியின்றி வகுத்தாக வேண்டும். இது பெர்மாவே கண்ட தேற்றம். ஆக, நாம் தேடும் பகா எண் 64-இன் ஒரு மடங்கோடு ஒன்று சேர்ந்ததாகத்தான் இருக்க முடியும். கணித அறிஞர் ஆய்லர் கண்ட வடிகட்டி இது. 1878-இல் லூகாஸ் அதை இன்னும் இறுக்கினார்: 64-க்குப் பதில் 128.

முதலில் 65537-க்கு வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். அங்கே சுற்று 32, லூகாஸின்படி காரணிகள் 64-இன் மடங்கோடு ஒன்று. வர்க்கமூலமான 256-க்குள் வருபவை 65, 129, 193 மட்டுமே. முதல் இரண்டும் பகு எண்கள். 65537-ஐ 193-ஆல் வகுத்தால் மீதி 110. முடிந்தது, 65537 பகா எண். ஒரே ஒரு வகுத்தல்! இந்த இடத்தை மாணவர்களுக்குக் காட்டும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

இனி 4294967297. 128-இன் மடங்குகளோடு ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள்: 129, 257, 385, 513, 641. இவற்றில் பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டுமே. 257-ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்தது 641. நீண்ட வகுத்தலை நிதானமாகப் போடுங்கள். மீதியே வராது.

4294967297 = 641 × 6700417

1732-இல் ஆய்லர் இதைக் கண்டபோது பெர்மாவின் நம்பிக்கை உடைந்தது. வகுத்தலே போடாமலும் இதைக் காணலாம், அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 128 + 1 என்றும், 625 + 16 என்றும். முதலாவதன்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இரண்டாவதன்படி, 625-இன் இடத்தில் −16-ஐ வைக்கலாம். 16 என்பது 2⁴. ஆக −2³² என்பது 1-க்குச் சமம், அதாவது 2³² + 1-ஐ 641 மீதியின்றி வகுக்கும். பத்து இலக்க எண்ணைத் தொடாமலே அதன் காரணியை நிரூபித்துவிட்டோம்.

கிடைத்த பெருக்கலை உடனே சரிபாருங்கள். 9-ஆல் வகுத்த மீதிகள்: 641-க்கு 2, 6700417-க்கு 7. பெருக்கினால் 14, மீதி 5. 4294967297-இன் இலக்கக் கூடுதல் 59, மீதி 5. பொருந்துகிறது. 11-க்கும் பாருங்கள்: மீதிகள் 3, 9. பெருக்கினால் 27, மீதி 5. 4294967297-ஐ வலமிருந்து கூட்டிக் கழித்தால் −17, அதுவும் மீதி 5. இரண்டு சோதனையும் தேறினால் பெரும்பாலும் கணக்கு சரி.

கடைசிக் கேள்வி, 6700417 பகா எண்ணா? இதன் எந்தக் காரணியும் 4294967297-க்கும் காரணியே, ஆகவே அதே வடிகட்டி இங்கேயும் செல்லும். வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது. அதுவரை 128-இன் மடங்கோடு ஒன்றாக வரும் இருபது எண்களில் பகா எண்கள் ஐந்துதான்: 257, 641, 769, 1153, 1409. வகுத்தால் கிடைக்கும் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் வகுக்கவில்லை, ஆகவே அது பகா எண். முழு விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

எண்ணின் நீளம் மட்டுமே அதை உடைக்கும் சிரமத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதை உணர, இதோடு இரண்டைக் கூட்டிப் பாருங்கள். 18446744073709551617, அதாவது 2⁶⁴ + 1. அதே இருபது இலக்கம், கடைசி இலக்கம் மட்டும் வேறு. இதற்குப் பக்கத்தில் உதவ வரும் வர்க்கம் எதுவும் இல்லை. ஆய்லர் பெர்மாவைத் திருத்தி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1880-இல்தான் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் இதை 274177 × 67280421310721 என்று பிரித்தார். அப்போது அவருக்கு வயது 82.

காரணிகள் கையில் இருந்தால்

ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் வகுத்திகளின் எண்ணிக்கை 2-ஐ ஏழுமுறை பெருக்கியது, அதாவது 128. எண்ணைத் தவிர மற்ற வகுத்திகளை எல்லாம் கூட்டினால் எண்ணின் முக்கால் பங்கைக்கூட எட்டாது, சுமார் 70 சதவீதம்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இடப்பக்கத்துப் பாதி, 4294967295. அதன் காரணிகள் 3, 5, 17, 257, 65537. ஒன்றிலிருந்து அந்த எண் வரை, அதோடு பொதுக் காரணி இல்லாத சார்பகா எண்கள் எத்தனை என்று கேட்டால், ஒவ்வொரு காரணியிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்க வேண்டும்: 2 × 4 × 16 × 256 × 65536. எல்லாமே இரண்டின் அடுக்குகள்! விடை 2147483648, துல்லியமாக 2³¹. இந்தக் குணத்துக்கு வடிவியலில் ஒரு பலன் உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்குப் பதினேழு கோணம் வரைய முடியும் என்று 1796-இல் காஸ் கண்டார். எந்தெந்தப் பலகோணங்களை அப்படி வரையலாம் என்ற அவருடைய விதியை முழுமையாக நிறுவியவர் வான்ட்சல், ஆண்டு 1837. அந்த விதிப்படி, ஒற்றைப்படைப் பக்கங்களோடு வரையக்கூடியவை என்று இன்றுவரை அறியப்பட்டவை 31. அவை அனைத்தும் 4294967295-இன் வகுத்திகள் (1 என்ற வகுத்தி மட்டும் இதில் சேராது). அவற்றில் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டதே. நம் முழு எண்ணுக்கு அந்தப் பேறு இல்லை, 641-உம் 6700417-உம் குறுக்கே நிற்கின்றன.

கணினியில் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 64 பிட்களால் எழுதக்கூடிய மிகப் பெரிய குறியற்ற முழு எண் இதுவே, இரும முறையில் 64 ஒன்றுகள். ஆனால் எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. தட்டச்சு செய்தால் கடைசி ஐந்து இலக்கங்களும் பூஜ்யமாகிவிடும். தசமப் புள்ளி எண்ணாக வைத்துக்கொள்ளும் நிரல்மொழிகளில் இது சத்தமில்லாமல் 2⁶⁴ ஆகிவிடும், ஒற்றைப்படை எண் இரட்டைப்படையாக மாறியிருக்கும். பைத்தான் போல முழு எண்களை நீளக் கட்டுப்பாடின்றிக் கையாளும் மொழியில் சரிபாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் தாளை நம்புங்கள்.

பயிற்சி

1,67,77,215. முதலில் சின்னச் சோதனைகள், பிறகு பக்கத்து வர்க்கம். 4095 × 4097 என்று பிரிந்ததும் 4095-க்கு அதே படிக்கட்டில் இறங்குங்கள். 4097-க்கு 17-ஐ முயன்று பாருங்கள், 241 மிஞ்சும்.

9,99,99,991. இதன் பக்கத்து வர்க்கம் பத்துக் கோடி. வித்தியாசம் 9, அதுவும் ஒரு வர்க்கம். ஆகவே 9997 × 10003. இரண்டுக்கும் 1001 சோதனையைப் போடுங்கள், 997-இலிருந்து 9-ஐயும், 10-இலிருந்து 3-ஐயும் கழிப்பதுதான் வேலை. ஒன்றில் 13 விழும், மற்றதில் 7. எஞ்சுபவை 769, 1429. இரண்டும் பகா எண்கள் என்பதை 37 வரை வகுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.